கப்பல் புறப்படுமுன் ஒரு கணக்கு



தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் நாளை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்துகொண்டு ஆட்கள் நிரைக்குள் இறங்குவதற்கு முன்னால், பொறுப்புள்ள மண்டோராக இருந்தால் இரண்டு மூன்று கேள்விகள் கேட்பார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? கீழே ஓடும் ஆறு எவ்வளவு தூரம்? மாடுகளை எங்கே ஓட்டியிருக்கிறார்கள்? இவற்றைக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கச் சொல்லுவார். மருந்தடித்து முடித்து, ஆற்றில் மீன் செத்து மிதந்த பிறகு இதே கேள்விகளைக் கேட்டால் அது துக்கம் விசாரிப்பதாகுமே ஒழிய, யோசனை ஆகாது.

இந்தச் சின்ன விஷயம்தான் இன்று நாம் பேசப்போகும் பெரிய விஷயத்துக்கும் அடிப்படை. நாடுகளின் போர்க்கப்பல்கள் கடலில் பயிற்சி செய்கின்றன. குண்டு வெடிக்கின்றன, நீருக்கடியில் ஒலி எழுப்புகின்றன. அதனால் கடலில் வாழும் உயிர்களுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது யார்? போட்ட கணக்கைச் சரிபார்ப்பது யார்?

இந்தக் கேள்வியை நீதிமன்றப் படியேறிச் சண்டை போட்டுக் கேட்ட நாடு அமெரிக்கா. ஆகவே அங்கே நடந்ததைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் கடலடி ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கடல் நீரிலோ சுமார் 1,500 மீட்டர் ஓடும். வெளிச்சம் கடலில் சில நூறு மீட்டர் ஆழத்துக்குள் மங்கி மறைந்துவிடும். ஒலியோ வெகுதூரம் செல்லும். அதனால்தான் திமிங்கலங்களுக்குக் காதே கண். இரை தேடுவதும், ஒன்றையொன்று அழைப்பதும், வழி கண்டுபிடிப்பதும் ஒலியால்தான்.

மனிதனும் இதையே கற்றுக்கொண்டான். கப்பலிலிருந்து பலமான ஒலியை நீருக்குள் அனுப்பி, அது நீர்மூழ்கிக் கப்பலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு, எதிரி இருக்கும் இடத்தை அறிவதற்குச் சோனார் என்று பெயர். டீசலிலும் மின்கலத்திலும் ஓடும் இன்றைய நீர்மூழ்கிகள் சத்தமே காட்டாமல் பதுங்கக் கூடியவை. சும்மா காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் அவை அகப்படமாட்டா. ஒலியை அனுப்பித்தான் தேட வேண்டும். தேடப் பழகவும் வேண்டும். இது கடற்படையின் நியாயம். இதை நாம் தள்ளிவிடுவதற்கில்லை. கப்பலில் இருக்கும் மாலுமிகளும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தாமே?

இனி 2000ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதிக்கு வருவோம். இடம், அட்லாண்டிக் கடலில் உள்ள பஹாமாஸ் தீவுகள். அன்று அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் தீவுகளுக்கு இடையிலுள்ள ஆழமான கால்வாய் வழியாகச் சோனாரை இயக்கிக்கொண்டு சென்றன. ஒன்றரை நாளைக்குள் அந்தக் கரைகளில் 17 கடல் விலங்குகள் ஒதுங்கின. அவற்றில் பெரும்பாலானவை அலகுத் திமிங்கலங்கள். பறவையின் அலகைப் போல் நீண்ட வாய் உடையவை என்பதால் இந்தப் பெயர். கரைக்கு வராமல் ஆழ்கடலிலேயே காலம் தள்ளுகிறவை அவை. பத்தைக் கடலுக்குள் திருப்பி அனுப்ப முடிந்தது. மற்றவை மாண்டன.

அந்தத் தீவுகளில் கென் பால்கம் என்ற திமிங்கல ஆய்வாளர் வசித்துவந்தார். பல ஆண்டுகளாக அங்குள்ள அலகுத் திமிங்கலங்களைப் படம் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் எழுதி வைத்திருந்தவர். அவர் வீட்டுக்கு எதிரிலேயே ஒன்று கரையேறிக் கிடந்தது. வேறொருவராக இருந்தால் வருந்திவிட்டு, அழுகுமுன் புதைத்திருப்பார். பால்கம் அப்படிச் செய்யவில்லை. இறந்த விலங்குகளின் தலைகளை வெட்டி எடுத்து உறைபெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். பிறகு அவை அமெரிக்காவில் ஸ்கேன் செய்து பார்க்கப்பட்டபோது, காதைச் சுற்றி இரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பால்கம் கடற்படைக்கு அந்நியர் அல்லர். இளமையில் அதே அமெரிக்கக் கடற்படையில், கடலடி ஒலிகளைக் கேட்டு ஆராயும் பிரிவில் பணியாற்றியவர். தாம் உப்பிட்டு உண்ட வீட்டை எதிர்த்துப் பேசுவது யாருக்கும் எளிதல்ல. ஆனாலும் கண்டதைக் கண்டபடி உலகுக்குச் சொன்னார். 2001 டிசம்பரில் கடற்படையும் கடல்மீன் துறையும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்தச் சம்பவத்துக்குக் கப்பல்களின் சோனாரே மிகப் பொருத்தமான காரணம் என்று ஒப்புக்கொண்டது. பால்கம் 2022இல் மறைந்தார். அவர் அந்தத் தலைகளைக் காப்பாற்றி வைக்காமல் இருந்திருந்தால், அந்த அறிக்கையில் என்ன எழுதியிருப்பார்களோ!

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் முதல் நாளன்று ஒரு சட்டம் கையெழுத்தானது. தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் என்பது அதன் பெயர். அரசாங்கத்தின் எந்தத் துறையாக இருந்தாலும், சுற்றுச்சூழலைப் பெரிதும் பாதிக்கக்கூடிய காரியத்தில் இறங்குமுன், என்ன பாதிப்பு வரும், வேறு வழி உண்டா என்று விரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும் என்கிறது அது. அந்த அறிக்கையைப் பொதுமக்கள் படித்துக் கருத்துச் சொல்லவும் இடமுண்டு. 1972இல் கடல் பாலூட்டிகளைக் காக்கும் சட்டம் ஒன்றும் வந்தது. அதன்படி திமிங்கலத்தைக் கொல்வது மட்டுமல்ல, தொல்லைப்படுத்துவதற்கும் முன் அனுமதி வேண்டும்.

ஆனால் ஒன்று. கடற்படையின் பயிற்சிக்குக் கணக்கு எழுதுவது கடற்படையேதான்! 'இது எப்படி? கடைக்காரரே தராசையும் பிடித்து, கல்லையும் வைத்து, பேரேட்டையும் எழுதுவதா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஆனால் எந்தக் கப்பல் எங்கே போகும், எத்தனை மணி நேரம் சோனார் ஒலிக்கும் என்பது அவர்களுக்குத்தானே தெரியும்? அதனால் எழுதுவது அவர்கள் பொறுப்பு. எழுதியதை மற்றவர்கள் பார்க்க முடிய வேண்டும் என்பதுதான் சட்டத்தின் சூட்சுமம்.

அந்தச் சூட்சுமம் சோதனைக்கு உள்ளான இடம் கலிபோர்னியாவின் தென்கரைக் கடல். 2007 பிப்ரவரி முதல் 2009 ஜனவரி வரை அங்கே 14 பெரிய பயிற்சிகள் நடத்தக் கடற்படை திட்டமிட்டது. விரிவான அறிக்கைக்குப் பதிலாகச் சுருக்கமான மதிப்பீடு ஒன்றை எழுதி, பெரிய பாதிப்பு எதுவும் வராது என்று முடித்தது. அந்த மதிப்பீட்டுக்குள்ளேயே இருந்த எண்களைக் கேளுங்கள். கடல் விலங்குகள் தொல்லைக்குள்ளாகும் சந்தர்ப்பங்கள் சுமார் 170,000. அதைவிடக் கடுமையான தீங்கு நேரும் சந்தர்ப்பங்கள் 564. அந்த 564இல் 436, கூவியர் என்ற வகை அலகுத் திமிங்கலங்களுக்கு நேர்பவை. அமெரிக்க மேற்குக்கரை முழுவதிலும் அந்த வகை 1,121 மட்டுமே இருக்கக்கூடும் என்ற மதிப்பும் அப்போது இருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இது சிறிய பாதிப்புத்தானா?

இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் வழக்குப் போட்டன. 2008 ஜனவரியில் கீழ்நீதிமன்றம், பயிற்சியைச் செய்யலாம், ஆனால் சில நிபந்தனைகளோடு என்றது. அவற்றுள் ஒன்று, கப்பலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டருக்குள் திமிங்கலம் தென்பட்டால் சோனாரை நிறுத்த வேண்டும் என்பது. கடற்படை தானாக வைத்திருந்த விதியோ சுமார் 180 மீட்டருக்குள் வந்தால்தான் நிறுத்துவது. பெரும்பாலான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்ட கடற்படை, இது உட்பட இரண்டை மட்டும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது.

2008 நவம்பர் 12ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு கடற்படைக்குச் சாதகமாக அமைந்தது. நாட்டின் பாதுகாப்புக்கு உண்மையான சூழ்நிலையில் பயிற்சி தேவை, அந்தப் பொதுநலமே இங்கே கனமானது என்று அது கூறி, அந்த இரண்டு நிபந்தனைகளையும் நீக்கியது. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் மாறுபட்டார். விரிவான அறிக்கை முடியும் என்று கடற்படை சொன்ன காலமும், பயிற்சிகள் முடியும் காலமும் ஒன்றாகவே இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். பயிற்சி முடியும்போது வந்து சேரும் அறிக்கையால் யாருக்கு என்ன பயன்?

வாசகர்களே, நம் மண்டோர் கேட்ட கேள்விதான் இதுவும். மருந்தடித்த பிறகு காற்றைப் பார்ப்பதா?

180 மீட்டரோ 2 கிலோமீட்டரோ, தூரத்தை அளப்பது யார் என்றும் பார்க்க வேண்டும். கப்பலின் மேல்தளத்தில் தூரக்கண்ணாடியோடு ஒருவர் நிற்பார். அவர் கண்ணில் பட்டால்தான் திமிங்கலம் கணக்கில் வரும். கூவியர் அலகுத் திமிங்கலமோ ஒரு மணி நேரத்துக்கு மேல் மூழ்கியிருக்கும். கிட்டத்தட்ட 3,000 மீட்டர் ஆழம் வரை போனதும் பதிவாகியுள்ளது. மேலே வந்து மூச்சு வாங்கும் நேரம் கொஞ்சமே. காவலுக்கு நிற்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக எப்படிக் கையைத் தூட்டி நிறுத்தச் சொல்ல முடியும்? 'பார்த்தவரையில் எதுவும் இல்லை' என்பதும், 'எதுவும் இல்லை' என்பதும் ஒன்றல்ல.

ஆகையால் அறிவுள்ள வழி, கப்பல் நெருங்கிய பிறகு தேடுவதல்ல. திமிங்கலம் வாழும் இடத்தை முன்பே அறிந்து ஒதுங்கிப் போவதுதான். இது முடியாத காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். 2002 செப்டம்பரில் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளின் அருகே பல நாட்டுக் கடற்படைகள் பயிற்சி செய்தபோது 14 அலகுத் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. இறந்தவற்றின் உடலில் வாயுக் குமிழிகள் இருந்தன. ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறும் முத்துக்குளிப்போருக்கும் இப்படி நேர்வதுண்டு. ஒலிக்கு மிரண்டு அவை தம் வழக்கமான நீச்சலை மாற்றியிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். 2004இல் ஸ்பெயின் அரசாங்கம் அந்தத் தீவுகளைச் சுற்றி 50 கடல்மைலுக்குச் சோனாரைத் தடை செய்தது. அதன்பிறகு அங்கே அத்தகைய கூட்டச் சாவு நேரவில்லை என்று 2013இல் ஆய்வாளர் எழுதினர். ஸ்பெயினின் கடற்படை இதனால் கரைந்துபோய்விடவில்லை!

அமெரிக்காவிலும் கதை 2008ஓடு முடியவில்லை. ஹவாய், தென் கலிபோர்னியா கடல்களுக்கு அடுத்து ஐந்தாண்டுப் பயிற்சி அனுமதி கொடுக்கப்பட்டது. அதில் கடல் பாலூட்டிகளுக்கு ஏறத்தாழ 96 இலட்சம் தடவை தொல்லை நேரலாம் என்று கணக்கிடப்பட்டிருந்தது. 2015 மார்ச்சில் ஹவாயிலுள்ள நீதிமன்றம், மாற்று வழிகளைச் சரிவர ஆராயாமல் அனுமதி தந்தது சட்டத்துக்கு ஒவ்வாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டு, திமிங்கலங்கள் மிகுந்த சில குறிப்பிட்ட இடங்களில் 2018 முடியும்வரை சோனாரையும் வெடிகளையும் கட்டுப்படுத்தக் கடற்படை இணங்கியது.

அந்த வழக்குக்கு ஆதாரம் எங்கிருந்து வந்தது என்று எண்ணுகிறீர்கள்? பெருமளவுக்குக் கடற்படை தானே எழுதிய கணக்கிலிருந்துதான். எழுதியதால் எண் வெளியே வந்தது. எண் வெளியே வந்ததால் யாரோ படித்தார்கள். படித்தவர்கள் கேள்வி கேட்டார்கள். சில வேளை தோற்றார்கள். சில வேளை வென்றார்கள். எழுதப்படாத கணக்கை யாரும் திருத்த முடியாது.

'எங்கோ நடக்கும் திமிங்கல வழக்கு நமக்கு எதற்கு?' என்று கேட்காதீர்கள். நம் மலேசியாவிலும் 1988 ஏப்ரல் முதல் பெரிய திட்டங்கள் பலவற்றுக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீடு சட்டப்படி தேவை. காடழிப்பு, அணைக்கட்டு, கடலை மண்கொட்டித் தூர்ப்பது என்று பட்டியல் நீளும். நம் வீட்டுப் பக்கமும் ஒருநாள் அத்தகைய அறிக்கை வரலாம். அப்போது தடித்த புத்தகத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். பெரிய படிப்பும் வேண்டியதில்லை. மூன்றே கேள்விகள் போதும்.

இந்தக் கணக்கு வேலை தொடங்குமுன் போட்டதா, பிறகு போட்டதா? செய்கிறவரே எழுதியிருந்தால், வேறு யார் சரிபார்த்தார்கள்? கண்ணுக்குத் தெரியாதவற்றையும் சேர்த்துத்தான் எண்ணினார்களா?

பதில் தெரியாவிட்டால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் அறிக்கையைக் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்களே!