வண்டிப்பாதையை இழந்தால் சந்தையை இழப்போம்

வயலில் விளைந்துவிட்டால் மட்டும் காசு ஆகிவிடாது. அது சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு லாரியும் இல்லை, டிராக்டரும் இல்லை. அவரிடம் இருப்பது ஒரு சைக்கிள், மிஞ்சினால் ஒரு மொபெட். கத்தரிக்காயோ வெண்டைக்காயோ பலாப்பழமோ, ஒரு மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு விடியும் முன்னே புறப்பட்டால்தான் உழவர் சந்தையிலோ வாரச் சந்தையிலோ நல்ல விலைக்கு விற்கலாம். அவர் தார் ரோட்டை எட்டும்வரை உள்ள ஒன்றிரண்டு மைல் வழி எப்படி இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

அந்த வழிதான் வண்டிப்பாதை. சில ஊர்களில் செம்மண் பாதை, சில ஊர்களில் சரளை போட்ட கிராவல் ரோடு. கண்மாய்க் கரையோரமாகவும் முந்திரித் தோப்புகளின் நடுவேயும் ஊரையும் வயலையும் சந்தையையும் இணைப்பவை இவை. மாட்டுவண்டி குறைந்தது, பாதையைக் கவனிப்பாரும் குறைந்தனர். இருபுறமும் சீமைக் கருவேல் அடைத்தது. வரப்பைத் தள்ளி வைத்தவர்களால் பாதை குறுகியது. கனத்த லாரிகள் போன இடங்களில் பள்ளம் விழுந்தது. மழைக்காலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டும் போக முடியாத நிலை பல இடங்களில் இருக்கிறது.

சைக்கிள் பெண்களுக்குத் தந்த விடுதலை

இந்த மாவட்டத்துக்குச் சைக்கிளின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1991-ஆம் ஆண்டு தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். விவசாயக் கூலிப் பெண்களும் கல் உடைக்கும் பெண்களும் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிளைக் கையாளத் தொடங்கினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பஸ்ஸுக்காகக் காத்து நின்ற நேரம் மிச்சமாயிற்று. சந்தைக்கு அனுப்ப அண்ணனையும் கணவனையும் எதிர்பார்த்த நிலை மாறிற்று.

அந்தப் பெண்கள் சைக்கிள் பழகியது பெரும்பாலும் இந்த மண் பாதைகளில்தான். இன்றும் அரசு 11-ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகிறது. ஆனால் மிதிவண்டியைக் கொடுத்துவிட்டுப் பாதையைக் கைவிட்டால், ஏர் கொடுத்துவிட்டு நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட கதைதான்.

இத்தாலி விவசாயிகளின் வெள்ளைச் சாலை

இதே கேள்வி இத்தாலி நாட்டிலும் எழுந்தது. அங்கே டஸ்கனி பகுதியில் சியன்னா என்ற பழைய நகரம் உண்டு. அதைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஆலிவ் தோப்புகளுக்கும் நடுவே சுண்ணாம்புச் சரளை போட்ட வெள்ளைச் சாலைகள் ஓடுகின்றன. இவை ஒவ்வொன்றாகத் தாரில் மறைந்து வந்தன. அவற்றைக் காப்பாற்ற 1997-இல் அங்குள்ள சிலர் பழைய காலத்துச் சைக்கிள்களில் அந்தச் சாலைகளைச் சுற்றும் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். பின்னர் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். வருமானம் வரத் தொடங்கியதும், புழுதிச் சாலை என்று ஒதுக்கப்பட்டதே ஊரின் சொத்தாயிற்று. அமெரிக்காவில் மாடு வளர்ப்புக்குப் பேர்போன கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரிலும் இப்படித்தான். 2006-இல் 34 பேருடன் தொடங்கிய சரளைச் சாலை சைக்கிள் போட்டி இன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது.

புதுக்கோட்டைக்கு இல்லாத பெருமை எது? ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் சித்தன்னவாசல் குகை ஓவியம், நார்த்தாமலையின் விஜயாலய சோழீச்சரம், குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு, திருமயம் கோட்டை எல்லாம் இருக்கின்றன. காரில் வருகிறவர் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவார். சைக்கிளில் வருகிறவர் கண்மாய்க் கரையில் இளைப்பாறுவார்; இளநீர் கேட்பார்; மோர் கேட்பார்; பருவத்தில் பலாச்சுளையும் அவித்த கடலையும் வாங்குவார். இதனால் யாரும் மச்சு வீடு கட்டிவிடப் போவதில்லை. ஆனாலும் இடைத்தரகர் இல்லாமல் கைக்கு வரும் காசு அது.

தார் வேண்டாமா?

'பட்டணத்தார் பொழுதுபோக்குக்காகக் கிராமத்தான் புழுதியிலேயே கிடக்க வேண்டுமா?' என்று ஒரு விவசாயி கேட்டால் அதில் நியாயம் உண்டு. ஊரையும் ஊரையும் இணைக்கும் சாலைக்குத் தார் வேண்டும். ஆம்புலன்சும் பள்ளிக்கூட பஸ்ஸும் பால் வண்டியும் வர வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. வயலுக்கும் தோப்புக்கும் போகும் பாதையின் கதை வேறு. அங்கே தார் எப்போதோ ஒரு முறைதான் வரும். பெயர்ந்த பின் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். பெயர்ந்த தார் ரோட்டைவிடச் செப்பமான சரளைச் சாலையே சைக்கிளுக்கும் மாட்டின் குளம்புக்கும் நல்லது. ஊராரே அதைப் பழுதுபார்த்துக்கொள்ளவும் முடியும்.

பராமரிக்கும் முறை

சரளைச் சாலையின் முதல் எதிரி தேங்கும் தண்ணீர். சாலையின் நடுப்பகுதி ஆமை முதுகுபோல் உயர்ந்திருக்க வேண்டும். பத்தடி அகலமுள்ள பாதையில் ஓரத்தைவிட நடுப்பகுதி இரண்டரை அங்குலம் உயரமாக இருந்தால் மழைநீர் வழிந்தோடிவிடும். இருபுறமும் ஓரக் கால்வாய் அவசியம். ஆவணி, புரட்டாசியிலேயே கால்வாயைத் தூர்வாரி முட்செடிகளை அகற்றிவிட வேண்டும். ஐப்பசி அடைமழை தொடங்கிய பிறகு மண்வெட்டியைத் தேடிப் பயனில்லை.

மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும் தை மாதமே பள்ளங்களை அடைக்க ஏற்ற காலம். பள்ளத்தில் உள்ள சேற்றை வாரிவிட்டு, ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, சரளையை இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்துத் திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். கல்லும் மணலும் மட்டும் இருந்தால் உதிர்ந்துவிடும்; களி மிகுந்தால் வழுக்கும். இரண்டும் கலந்த சரளையே நிற்கும். கண்மாய் வண்டலைச் சாலையில் கொட்டக் கூடாது. அதன் இடம் வயல். சரளை எடுக்கும் முன் உரிய அனுமதி பெற வேண்டும்.

வருகிறவர்களுக்கும் வரம்பு உண்டு

சைக்கிள் பயணிகள் வருவதானால் அவர்களுக்கும் ஒழுங்கு வேண்டும். மழையில் இளகிய கண்மாய்க் கரையில் சைக்கிள் விடக் கூடாது. நெல்லும் மிளகாயும் காயும் இடத்தில் இறங்கி உருட்டிப் போக வேண்டும். திறந்த படலைச் சாத்திவிட்டுப் போக வேண்டும். குடித்த பாட்டிலை வயலில் எறியக் கூடாது. எந்தப் பாதையில் எவர் வரலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்த ஊரார்தான். சுற்றுலா என்ற பெயரில் பாதை விவசாயியின் கையைவிட்டுப் போய்விடக் கூடாது.

முதல் வேலை கிராம சபையில்

ஆகவே விவசாயிகள் முதலில் செய்ய வேண்டியது, தங்கள் ஊரின் வண்டிப்பாதைகளை அடையாளம் காண்பது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்தால், எந்தப் புல எண்ணில் பாதை உள்ளது, அகலம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். பாதைப் புறம்போக்கை வளைத்திருந்தால் அகற்ற 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் பாதைகளின் பட்டியலை வைத்துத் தீர்மானம் போட வேண்டும். ஊரக வேலைத் திட்டப் பணிகளில் இவற்றையும் சேர்க்கக் கோர வேண்டும்.

வளைத்தவர் பெரும்பாலும் பக்கத்து வயல்காரராகத்தான் இருப்பார். பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோகூட இருப்பார். அதனால்தான் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆனால் ஒருவர் ஒரு முழம் தள்ளி வைத்தால் அடுத்தவரும் தள்ளுவார். கடைசியில் வளைத்தவரும் தம் மூட்டையைத் தலையில்தான் சுமக்க வேண்டியிருக்கும். பகை வளரும் முன்னே ஊர் கூடிப் பேசி வரப்பை அதன் பழைய இடத்தில் வைத்துவிடுவது எல்லோருக்கும் நலம்.

வெளியூரார் சைக்கிளில் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் நட்டமில்லை. விடியற்காலையில் மூட்டையோடு புறப்படும் ஒரு பெண் இறங்கி உருட்டாமல் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தப் பாதைக்குச் செய்த செலவு அன்றே திரும்பிவிட்டது.