ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்

களமருதூரில் நாத்தனார் வீடு இருந்தால், அடுத்த முறை போகும்போது பரணைப் பாருங்கள், சகோதரிகளே! பிளஸ் டூ படித்த பெண்ணுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மடிக்கணினி அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம். 2011-ல் அத்திட்டம் தொடங்கியபோது வந்த மடிக்கணினிகளில் இரண்டு குடித்தனம்: ஒரு பக்கம் விண்டோஸ், மறு பக்கம் நம் நாட்டு ஸீ-டாக் நிறுவனம் தயாரித்த 'பாஸ்' லினக்ஸ். பொத்தானை அமுக்கினால், "எது வேண்டும்?" என்று திரை கேட்கும்.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்யலாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டது. "பழசைத் தள்ளிவிடலாம்" என்கிறாரா வீட்டுக்காரர்? அவசரம் எதற்கு? பழைய கணக்கு வழக்குகளுக்கு விண்டோஸ் இருக்கட்டும். இன்டர்நெட் வேலைக்குக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைக் குடிவையுங்கள். பிடிக்குமா என்று முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம்.

பாகப்பிரிவினையில்தான் ஜாக்கிரதை வேண்டும்! டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்தில், 'எல்லாவற்றையும் அழித்துவிடு' என்றும் ஒரு வழி காட்டும். அவசரத்தில் அதை அமுக்கினால், குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும் போய்விடும். ஆகையால் படங்களையெல்லாம் முன்கூட்டியே வேறொரு பென் டிரைவில் எடுத்து, நகைப் பெட்டியோடு வைத்துப் பூட்டுங்கள். கம்ப்யூட்டரைக் கடையில் வாங்கலாம். அந்தப் படங்களை வாங்க முடியுமா?