ஏற்றியவரே நூர்க்க வேண்டும்

கார்த்திகை விளக்கீட்டைத் தொடர்ந்து திருவெம்பாவை, நத்தார், புத்தாண்டு, தைப்பொங்கல் எனப் பண்டிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்து வருவன. பிள்ளைகளுக்கு ஆண்டிறுதி விடுமுறை. வெளியே வாடைக்காற்றும் மாரி மழையும். சிறுவர் வீட்டுக்குள் அடைபட்டிருப்பர். தாய்மார் பலகாரம் சுடுவதில் ஈடுபட்டிருப்பர். ஒரு பலத்த காற்று அடித்தால் மின்சாரம் நின்றுவிடும். ஆண்டு முழுவதிலும் நம் வீடுகளில் நெருப்பு மிகுதியாகப் புழங்கும் காலம் இதுவே. ஆதலின் இவ்வாரம் நெருப்பைப் பற்றிச் சிறிது சிந்திப்பது பொருத்தமாகும்.

நெருப்பை நாம் பகையாகக் கருதுவதில்லை. சிட்டியில் ஏற்றினால் அது தீபம். அடுப்பில் மூட்டினால் உணவு. வேள்வியில் வளர்த்தால் தெய்வம். இந்த நெடுநாள் உறவே நம்மை ஏமாற்றிவிடுகின்றது. முன்பின் அறியாதவன் ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றால் அவன் போகும் வரையும் கண்ணை எடுக்கமாட்டோம். நாள்தோறும் பழகியவனை யார் கவனிக்கின்றார்கள்? வானத்திலிருந்து விழுந்த நெருப்பு வீட்டை எரிப்பது அரிது. நாமே ஏற்றி, நாமே மறந்துவிட்ட நெருப்பே பெரும்பாலும் கேடு விளைக்கின்றது.

இதனை நான் ஏட்டிற் படித்து அறிந்தவன் அல்லேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990 ஆம் ஆண்டிலே மின்சாரம் நின்றது. அதன்பின் பல ஆண்டுகள் இருளே ஆட்சி செய்தது. மண்ணெண்ணெய்யோ கிடைத்தற்கரிய பொருள். அரிக்கன் லாம்பு எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும் என்று அதனை ஒதுக்கிவைத்தோம். ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது பஞ்சை இட்டு, அது நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு எரித்த விளக்கொன்றும், ஒடுங்கிய மருந்துப் போத்தலின் வாயிலே திரி செருகிய குப்பிவிளக்கொன்றுமே எங்கள் வீட்டின் செல்வம். அந்த ஒளியிலேதான் எங்கள் தலைமுறை படித்தது.

1993 ஆம் ஆண்டு மார்கழியில் ஓர் இரவு. எனக்கு வயது பதின்மூன்று. மேசை நடுவே குப்பிவிளக்கை ஏற்றியவன் நானே. கணக்கு முடிந்தது, விளக்கை அப்படியே விட்டுவிட்டு, மழை விட்டதா என்று பார்க்க விறாந்தைக்குப் போனேன். ஆறு வயதுத் தங்கை என் புத்தகத்தை எடுப்பதற்கு எட்டினாள். போத்தல் சரிந்தது, உருண்டது, எண்ணெய் சிந்தியது. அவளுடைய சட்டையின் கை பற்றிக்கொண்டது.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து போர்வையால் அவளைச் சுற்றினார். தீ அவிந்தது. அதுவரை நடந்தது சரியே. அதன்பின் அயலவர் கூடினர். ஒருவர் பற்பசை என்றார்; மற்றொருவர் தோசை மா என்றார். இரண்டும் பூசப்பட்டன. மறுநாட் காலை வைத்தியசாலையில் அவற்றைச் சுரண்டி எடுத்தபோது தங்கை எழுப்பிய அலறல் இன்றும் என் செவியைவிட்டு நீங்கவில்லை. முற்றத்திலே மாரிகாலக் கிணறு. குனிந்து கையால் அள்ளத்தக்க அளவுக்கு நிறைந்திருந்தது. அந்தத் தண்ணீரை அள்ளி ஊற்றவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா என்னை ஏசவில்லை. தங்கை வீடு திரும்பிய அன்று மாலை, விளக்கு வைக்கும் நேரத்திலே ஒன்றை மாத்திரம் சொன்னார்: "இனிமேல் இந்த வீட்டிலே ஏற்றினவர்தான் நூர்க்கவேணும்." அதுவே எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று. ஏற்றியவர் எழுந்து போகவேண்டுமாயின் விளக்கை நூர்த்துவிட்டுப் போகவேண்டும்; அன்றேல் இன்னொருவரின் பெயரைச் சொல்லி, அவர் "ஓம்" என்ற பின்னரே போகவேண்டும்.

எங்கள் வீட்டிற் சரிந்தது போன்ற போத்தல்கள் அக்காலத்தில் நாடெங்குமே சரிந்துகொண்டிருந்தன. தென்னிலங்கையில் விஜய கொடகும்புர என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், எரிகாயங்களுடன் வந்த ஏழை மக்களுக்குச் சிகிச்சை செய்தவர். காயத்தை ஆற்றுவதோடு அவர் நின்றாரல்லர். காயத்தின் காரணத்தைத் தேடினார். உயரமான, பாரமற்ற, மூடி சரிவரப் பொருந்தாத போத்தலே காரணம் என்று கண்டார். 1992 ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய திட்டத்தின் பயனாகச் 'சுதீப' என்னும் விளக்கு உருவாயிற்று. அது குட்டையானது, கனத்தது, தடித்த கண்ணாடியால் ஆனது. இரு பக்கங்களும் தட்டையாதலால் சரிந்தாலும் உருளாது. திருகுமூடி இருப்பதால் எண்ணெய் சிந்தாது. அவருக்கு 1998 ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

இதிலே நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. மனிதர் தவறுவர் என்பதை அந்த வைத்தியர் ஒப்புக்கொண்டார். தவறினாலும் உயிர் போகாதபடி விளக்கை அமைத்தார். கவனமாயிரு என்று பிள்ளைக்குச் சொல்லுவது நன்று. கவனம் தப்பினாலும் கேடு வராதபடி வீட்டை ஒழுங்கு செய்வது அதனினும் நன்று.

இன்று வீடுகளில் மின்னொளி உண்டு. ஆயினும் 2022 ஆம் ஆண்டு பங்குனி முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. அன்று பரணிலிருந்து இறங்கிய விளக்குகளும் மெழுகுதிரிகளும் பல வீடுகளில் இன்னும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. மெழுகுதிரியை மணல் நிரப்பிய அகன்ற சட்டியில் நிறுத்துக. யன்னற் சீலை, நுளம்பு வலை, புத்தக அடுக்கு ஆகியவற்றுக்கு அருகில் எந்தச் சுடரும் வேண்டாம். நுளம்புத் திரியும் நெருப்பே. அதனைக் கட்டிலின் கீழே வைக்கலாகாது. எரியும் விளக்குக்கு எண்ணெய் வார்க்கலாகாது. மண்ணெண்ணெய்யோடு பெற்றோலைக் கலப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். மண்ணெண்ணெய் பற்றத்தக்க ஆவியை விடுவதற்கு ஏறத்தாழ 38 பாகை வெப்பமேனும் வேண்டும். பெற்றோலோ உறைபனிக் குளிரிலும் அத்தகைய ஆவியை விடும்.

எரிவாயு அடுப்பைப் பற்றியும் ஒரு சொல். 2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயு அடுப்புகள் வெடித்தன. வாயுக் கலவையின் விகிதம் பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. கலவை நம் கையில் இல்லை. குழாயும் திருகும் நம் கையில் உள்ளன. வெடித்த, இறுகிய றப்பர் குழாயை உடனே மாற்றுக. பொருத்திய இடத்திற் சவர்க்கார நுரையைத் தடவினால், கசிவு இருப்பின் குமிழி எழும். இந்த வாயு காற்றிலும் பாரமானது. ஆதலால் மேலே போகாது, தரையோடு தங்கிக் கிடக்கும். மணம் வந்தால் விளக்கு ஆளியைத் தொடாதீர். போடுவதும் ஆபத்து, நிறுத்துவதும் ஆபத்து. சிலிண்டரை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறுக. இரவிலே படுக்கப் போகுமுன் சிலிண்டரின் திருகை மூடுவது நாள் வழக்கமாகட்டும்.

பலகாரம் சுடும் நாளிலே தாச்சியில் எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றுவது பலரும் செய்யும் பிழை. நீர் எண்ணெயிலும் பாரமானது. அடியிற் சென்று நொடியில் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயை முகத்தில் வீசும். அடுப்பை நிறுத்தித் தாச்சியைத் தட்டத்தால் மூடுக. காற்றில்லையேல் தீயில்லை. ஆறும் வரை திறவாதீர். தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம்.

பொங்கலுக்கு வெடி கொளுத்தும் சிறுவர் மத்தாப்பை விளையாட்டுப் பொருளென எண்ணுவர். கொதிநீரின் வெப்பம் 100 பாகை. மத்தாப்பின் பொறி நுனியில் 1000 பாகைக்கு மேல். எரிந்து முடிந்த கம்பியை உடனே தண்ணீர் வாளியில் இடவேண்டும். தளர்ந்து தொங்கும் பட்டும் நைலோனும் அன்று வேண்டாம். பருத்தி உடையே போதும். வெடியாத வெடியை மீண்டும் கையில் எடுக்கலாகாது.

இத்தனை காவலுக்கும் தப்பி உடையிலே தீப்பற்றினால், ஓடலாகாது. ஓட்டம் தீக்கு விசிறியாகும். நிலத்தில் விழுந்து புரளவேண்டும். அருகில் நிற்போர் தடித்த பருத்திப் போர்வையால் மூடவேண்டும். தீ அவிந்ததும் மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றுக. தோலோடு ஒட்டிய துணியை இழுக்காதீர். சுட்ட இடத்தில் 20 நிமிடங்கள் குளிர்ந்த தண்ணீர் ஓடவேண்டும். உடலின் ஏனைய பாகங்கள் குளிராதபடி போர்த்திவிடுக. பனிக்கட்டி வேண்டாம், மை, பற்பசை, மா, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். பின்பு சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. அவசர வண்டிக்கு 1990 என்னும் இலக்கம் போதும்; உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் இலக்கத்தையும் வாசற்கதவின் அருகே எழுதிவையுங்கள்.

மாணவர்களே, விடுமுறைக்கு வீட்டுவேலை தருவது ஆசிரியரின் குணம். இன்று மாலை பெற்றோரோடு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். நெருப்பு எங்கெங்கே எரிகின்றது, அதன் பக்கத்தில் எது கிடக்கின்றது, அதனை நூர்க்கவேண்டியவர் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்கு விடை கிடையாத இடமே உங்கள் வீட்டில் ஆபத்தான இடம்.

என் தங்கை இன்று இரண்டு பிள்ளைகளின் தாய். எவ்வளவு வெக்கையிலும் நீண்ட கைச்சட்டையே அணிகின்றாள். ஒவ்வோர் ஆண்டும் விளக்கீட்டுக்கு நான் அவள் வீட்டுக்குப் போவது வழக்கம். மதிலிலும் கிணற்றுக்கட்டிலும் சிட்டிகளை ஏற்றுபவன் அவளுடைய மூத்த மகன். பலகாரத்துக்கு எத்தனை முறை அழைத்தாலும் அவன் உள்ளே வருவதில்லை. கடைசிச் சிட்டி நூரும் வரையும் வாசற்படியிலே உட்கார்ந்திருப்பான். நானும் அவன் அருகிலே உட்கார்ந்துகொள்வேன்.