பணம் கட்டும் முன் பெயரைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கும் வாரங்களில் என் நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளில், பாட்டு கேட்பவர்களுக்கு நடுவே ஒரு புலம்பலும் தவறாமல் வரும். “தங்கச்சி, ஆன்லைனில் பணம் கட்டிட்டேன்மா. சேலை வரவே இல்லை.”

“யாரிடம் வாங்கினீங்க அக்கா?” என்றால் சட்டெனப் பதில் வராது. சேலையின் நிறம், தள்ளுபடி எல்லாம் ஞாபகம் இருக்கும். விற்றவர் யார் என்பது மட்டும் தெரியாது. கையில் இருப்பது ஒரு புலன எண். அதையும் இப்போது யாரும் எடுப்பதில்லை.

இப்படி யாரென்றே சொல்லாமல் விற்க மலேசியச் சட்டம் இடம் தரவில்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மின்வணிக விதிமுறைகள் 2013 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்தன. 2024 டிசம்பரில் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிமுறைகள் வந்தன. அகப்பக்கத்திலோ இணையச் சந்தையிலோ விற்பவர் தம் பெயர் அல்லது நிறுவனப் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், அனுப்பும் செலவு உட்பட முழு விலை ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்பது தொடக்கம் முதலே உள்ள கடமை.

‘இதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?’ என்று நீங்கள் நினைக்கலாம். பிரச்சினை வரும்வரை யாரும் படிப்பதில்லைதான். வந்த பிறகு அந்த இரண்டு வரிதான் கைகொடுக்கும்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்கு வழக்கறிஞர் இல்லாமலே மனு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். ஆனால் மனுவில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். ‘புலனத்தில் பேசிய அண்ணன்’ என்று எழுத முடியாது. ஆள் யாரென்று தெரியாவிட்டால் அழைப்பாணையை எந்த வீட்டுக் கதவில் கொண்டுபோய்க் கொடுப்பது?

பதிவு எண் இருந்தால் வழி பிறக்கும். எஸ்எஸ்எம் இணையச் சேவையில் கட்டணம் செலுத்தி அந்த வணிகத்தின் விவரங்களைப் பெறலாம். 2019 முதல் நடப்பில் உள்ள 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டைக் காட்டும். ‘இருபது ஆண்டு அனுபவம்’ என்று விளம்பரம் செய்யும் கடையின் எண் 2024 என்று தொடங்கினால், காரணம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வீட்டிலிருந்தே முறுக்கும் அதிரசமும் விற்கும் நம் அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. ‘நம்முடையது சின்ன வியாபாரம்தானே’ என்று பெயரை மறைக்காதீர்கள். ஏமாற்றுக்காரனும் பெயர் போடுவதில்லை, நீங்களும் போடுவதில்லை என்றால், வாங்குபவர் உங்கள் இருவரையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? பதிவு செய்யுங்கள், எண்ணைப் பக்கத்தின் மேலேயே போடுங்கள்.

வாங்குபவர்கள், பணம் கட்டும் முன் பெயரும் பதிவு எண்ணும் உள்ள பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். ஏமாற்றம் நேர்ந்தால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சை 1-800-886-800 என்ற எண்ணில் அழைத்துப் புகார் செய்யலாம்.