எட்டுப் போட்டால் போதுமா?

கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மகனுக்குத் தந்தை தரும் பரிசு ஒரு காலத்தில் கைக்கடிகாரமாக இருந்தது. பின்னர் அது மிதிவண்டியாயிற்று. இன்று மோட்டார் சைக்கிளாக வளர்ந்து நிற்கிறது. கடிகாரம் கட்டிக்கொள்ள எவரும் கற்க வேண்டியதில்லை. மிதிவண்டிக்குக் குரங்குப் பெடல் போட்டு முழங்கால் தேய்ந்த நாள்கள் நம்மில் பலருக்கும் உண்டு. மோட்டார் சைக்கிளை மட்டும், சாவி கைக்கு வந்த அன்றே கற்றுக்கொண்டுவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் உயிரைப் பறிக்கவல்லது என்பதை என் பட்டறிவைக் கொண்டே இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகிறேன்.

தமிழாசிரியனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என மாணவர்கள் நகைக்கக்கூடும். நானும் நாற்பது வயது வரை அப்படித்தான் இருந்தேன். செங்கல்பட்டில் வீடு, பேருந்தில் கல்லூரி, மாலையில் நடந்தே கடைத்தெரு. இவ்வாறு சென்ற வாழ்வை ஓர் இரவு மாற்றியது. மாமல்லபுரத்தை அடுத்த கடலோர ஊர் ஒன்றில் தமக்கையின் வீட்டிலிருந்த என் தாயாருக்கு மூச்சுத்திணறல் எனச் செய்தி வந்தது. கடைசிப் பேருந்து போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை, பத்தொன்பது வயதினன், தன் வண்டியை எடுத்து வந்து, "ஏறுங்க மாமா" என்றான். திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர். காற்றில் என் சட்டை படபடத்தது. கண்ணில் நீர் வழிந்தது. தாயார் நலம் பெற்றார். அன்று அப்பிள்ளையின் தோளைத் தட்டி, "பறந்தல்லவா கொண்டுவந்து சேர்த்தாய்!" என்று பாராட்டினேன். அந்தப் பாராட்டை நான் இன்றும் மறக்கவில்லை. ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

திடலில் கற்ற பாடம்

இனிப் பிறர் தயவில் இருத்தலாகாது எனத் துணிந்து, நாற்பத்தோராம் வயதில் பழகுநர் உரிமம் பெற்றேன். அப்பிள்ளையே ஆசான் ஆனான். கொளவாய் ஏரிக்குக் கிட்டிய வெற்றுத் திடல் ஒன்றே பள்ளிக்கூடம். வைகறைத் தொழுகை முடிந்து வந்ததும் வகுப்புத் தொடங்கும்.

முதல் நாள், கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி துள்ளி நின்றது. இரண்டாம் நாள் பதினேழு முறை எஞ்சின் அணைந்தது, எண்ணிக்கொண்டே இருந்தேன். கிளட்சை முற்றும் பிடிப்பதும் முற்றும் விடுவதும் எளிது. பாதி பிடித்துப் பாதி விடும் அந்த நடுநிலையில்தான் கலையே இருக்கிறது. இடக்கை ஒன்று செய்ய, வலக்கை ஒன்று செய்ய, இரு கால்களும் வேறு வேறு செய்ய வேண்டும். கண் மட்டும் எதையும் செய்யாமல் தொலைவை நோக்க வேண்டும். நானோ திடலின் ஓரத்தில் நின்ற வேப்பமரத்தையே பார்த்தேன். அதில் மோதிவிடக் கூடாது, மோதிவிடக் கூடாது என்று எண்ணியபடியே நேராக அதனிடம் போய்ச் சேர்ந்தேன். அடி பெரிதில்லை; கூச்சமே பெரிது. "மரத்தைப் பார்த்தா மரத்துக்குத்தான் போகும் மாமா. போற வழியப் பாருங்க" என்றான் என் ஆசான். கண் போன வழியே வண்டி போகும் என்பது அன்று நான் கற்ற முதற்பாடம்.

இரண்டாம் பாடம் வியப்பானது. வேகமாகச் செல்லும்போது வண்டி தானே நிலைத்து நிற்கிறது. மெதுவாகச் செல்லும்போதுதான் சாய்கிறது. எனவே விரைந்து ஓட்டுவது திறமையின் அடையாளம் அன்று. நடக்கும் மனிதனின் வேகத்தில் கால் ஊன்றாமல் ஓட்டுபவனே கற்றவன். முறுக்கியவுடன் யாருக்கும் கிடைத்துவிடும் வேகத்தைத் திறமை என்று மயங்குவதில்தான் இளைஞர் பலரின் பிழை தொடங்குகிறது.

மூன்றாவது, நிறுத்தும் பாடம். புதியவர் அனைவரும் கால் பிரேக்கையே நம்புவர். முன் பிரேக்கைத் தொட்டால் தலைகீழாகத் தூக்கி எறியும் என அஞ்சுவர். நானும் அஞ்சினேன். உண்மையோ வேறு. பிரேக் பிடிக்கும்போது பளு முன்சக்கரத்துக்கு மாறுவதால், வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கே உரியது. இரண்டையும் சேர்த்து, நெருக்கி நெருக்கிப் பிடிக்கப் பழக வேண்டும். ஆனால் மணல் கிடக்கும் இடத்திலும் வளைவிலும் அதே முன் பிரேக்கைச் சட்டெனப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும். கடற்காற்று மணலை அள்ளிவந்து சாலையில் தூவும் மாமல்லபுரக் கரையில் இதை அறியாதவன் ஓட்டவே கூடாது.

இம்மூன்று பாடங்களுக்கும் எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. பின்னர்த்தான் ஊருக்குள் வந்தேன். ராட்டினங்கிணறு சந்திப்பில், பின்னால் இரண்டு பேருந்துகள் ஒலியெழுப்ப, எஞ்சின் அணைந்து வியர்த்து நின்ற என்னைக் கண்டு என் மாணவர் இருவர் ஓடிவந்து ஓரம் சேர்த்தனர். மறுநாள் வகுப்பில் ஒரு புன்முறுவல் உலவியது. அதற்காக நான் வருந்தவில்லை. கற்பவன் நகைப்புக்கு அஞ்சலாகாது.

தேர்வு நாளில் எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். கால் ஊன்றாமல் போட்டேன். உரிமம் கிடைத்தது. எட்டு நல்ல சோதனைதான். மெதுவாகத் திருப்பும் திறனை அது காட்டும். ஆயினும் மணலில் நிறுத்துவதையும் மழையில் திரும்புவதையும் இரவில் எதிர்விளக்குக் கண்ணைக் கூசச் செய்யும்போது வேகம் குறைப்பதையும் அந்த எட்டு சோதிப்பதில்லை. அவற்றைச் சாலையே சோதிக்கும். அத்தேர்வில் தவறினால் மறுதேர்வு இல்லை.

அச்சம் போகும் வேளை

நிற்க. அச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "பயம் போனாத்தான் மாமா வண்டி வரும்" என்பது என் இளம் ஆசானின் கொள்கை. அது பாதி உண்மை. முதல் மாதத்தில் கற்பவனிடம் அச்சம் இருக்கிறது. அச்சம் அவனைக் காக்கிறது. அவன் ஓரமாகச் செல்கிறான், ஒலியெழுப்புகிறான், மெதுவாகத் திரும்புகிறான். மூன்றாம் நான்காம் மாதத்தில் அச்சம் போய்விடுகிறது. ஆனால் திறமை இன்னும் வந்து சேரவில்லை. அச்சம் புறப்பட்டுத் திறமை வந்து சேராத அந்த இடைவெளியே ஆபத்தின் காலம் என்பது என் துணிபு.

அந்த இடைவெளியில்தான் அப்பிள்ளையும் போனான். வீட்டார் வாங்கித் தந்த, முன்னதினும் ஆற்றல் மிகுந்த புதுவண்டிக்கு அப்போது நான்கு மாதம். ஒரு ஞாயிறு காலை, நண்பருடன் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குச் சென்றான். வளைவில் மணல். வேறு வண்டி எதுவும் மோதவில்லை. தலைக்கவசம் பெட்ரோல் டாங்கின் மேல் இருந்தது.

மறுநாள் மாலை நல்லடக்கம். கபர்ஸ்தானில் மூன்று கைப்பிடி மண் இட்டபோது, "பறந்தல்லவா கொண்டுவந்து சேர்த்தாய்" என நான் பாராட்டிய சொல் என் காதிலேயே ஒலித்தது. அவனைக் கொன்றது என் சொல் என்று கூறமாட்டேன். ஆனால் வேகத்தைப் பாராட்டிய பெரியவர்களுள் நானும் ஒருவன். "மெதுவாகக் கொண்டுவந்து சேர்த்தாய், நன்று" என எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையையும் பாராட்டி நான் கேட்டதில்லை.

அந்த வாரம் வகுப்பில் திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரம் நடத்த வேண்டியிருந்தது. தன்னைக் கட்டுக்குள் வைத்திருத்தலுக்கும் அடக்கம் என்றே பெயர். மண்ணுக்குள் வைத்தலுக்கும் அடக்கம் என்றே பெயர். முன்னதைக் கற்பிக்காமல் விட்ட நாம் பின்னதைச் செய்து நிற்கிறோம். அன்று என்னால் பாடத்தைத் தொடர இயலவில்லை.

எண்கள் சொல்வது

இது ஒரு வீட்டின் துயரம் மட்டுமன்று. மைய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் இருசக்கர ஊர்தியில் சென்றவர் 74,897 பேர். அதாவது நாள்தோறும் 200க்கும் மேற்பட்டோர். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழகத்துக்கு, 64,105 விபத்துகள். பெருமைப்படத்தக்க முதலிடம் அன்று.

கணக்கும் ஒன்று உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன், ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறான். மாடு குறுக்கிடுவதைக் கண்டு கை பிரேக்கைத் தொடுமுன்னரே அவ்வளவு தூரம் போய்விடும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். இது இயற்பியல். இளமையையும் துணிவையும் அது மதிப்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. கியர் உள்ள வண்டிக்கு 18 வயது நிறைய வேண்டும். பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழிந்தே தேர்வு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2015 சூலை முதல் தமிழகத்தில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. 2021 டிசம்பரில், விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை தரும் அரசுத் திட்டம் நம் செங்கல்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அடிபட்டபின் காப்பதற்கு வழி செய்துள்ளோம். அடிபடாமல் காப்பதற்குக் கல்வியன்றி வேறு வழி இல்லை.

1955இல் திருவொற்றியூரில் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலை கண்டது. உலகம் ஓட்டும் வண்டிகளை நம் பக்கத்து ஊர்கள் செய்து அனுப்புகின்றன. அவற்றை ஓட்டக் கற்பிக்கும் திடல் நம் ஊர்களில் எத்தனை? காருக்குப் பயிற்சிப் பள்ளி உண்டு. மோட்டார் சைக்கிளுக்கோ அண்ணனும் நண்பனுமே பள்ளி.

செய்ய வேண்டுவன

"வண்டியே வேண்டாம் என்கிறீர்களா?" எனக் கேட்பர். இல்லை. மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் இரவுப் பணிக்குச் செல்லும் இளைஞனுக்கு வண்டி பிழைப்பு. நள்ளிரவில் நோயாளியிடம் விரையும் மகனுக்கு அது உறவு. என் தாயாரிடம் என்னைச் சேர்த்ததும் அதுவே. வேகத்தில் ஆசை உடையவருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்தடம் உண்டு. முறையான உடையுடனும் கண்காணிப்புடனும் அங்கே ஓட்டலாம். மீனவர் வலை சுமந்து கடக்கும் சாலை அதற்குரிய இடம் அன்று.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வண்டியைப் பரிசாகத் தராதீர்கள்; பயிற்சியைப் பரிசாகத் தாருங்கள். முதலில் பழைய சிறு வண்டி, இரு மாதம் திடல், பின்னர் ஊர்ச்சாலை, ஓராண்டு கழித்து நெடுஞ்சாலை. வண்டி வாங்கும் அன்றே இரண்டு தலைக்கவசம் வாங்குங்கள். பெண்பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள். மகளுக்கு நூறு எச்சரிக்கை சொல்லும் நாம் மகனுக்கு ஒன்றும் சொல்வதில்லை; அந்த நூற்றில் ஐம்பதை அவனுக்கும் பகிர்ந்தளித்தால் இருவரும் பிழைப்பர்.

கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு வாரம் காலையில் விளையாட்டுத் திடலை இதற்குத் திறந்துவிடலாம். மணல் பரப்பி நிறுத்தக் கற்பிக்கலாம். கல்வி உதவித்தொகை வழங்கும் ஜமாஅத் பெரியவர்கள் அதனுடன் ஒரு தலைக்கவசத்தையும் சேர்த்து வழங்கலாம். நான் என் பங்குக்கு அந்தத் திடலில் வந்து நின்று, மெதுவாக ஓட்டும் பந்தயத்துக்கு நடுவராக இருக்க உறுதி கூறுகிறேன். கடைசியில் வந்து சேர்பவனுக்கே முதற்பரிசு.

மாணவச் செல்வங்களே! இன்றும் நான் மாமல்லபுரத்துக்கு அவ்வழியே செல்கிறேன். அந்த வளைவு வருமுன் வேகத்தைக் குறைக்கிறேன். பின்னால் வரும் உங்களில் சிலர் ஒலியெழுப்பி என்னைக் கடந்து போகிறீர்கள். போகும்போது சிரிக்கவும் செய்கிறீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், நான் வருந்தமாட்டேன். ஆனால் மாலையில் வீடு திரும்பி, "வந்துவிட்டேன் அம்மா" என்று வாசலில் குரல் கொடுங்கள். அக்குரலுக்காக உங்கள் வீட்டில் ஒருவர் கதவைத் தாழிடாமல் காத்திருக்கிறார்.