தொக்கு தண்ணியாப் போச்சுன்னா சோள மாவைத் தேடாதீங்க



2023 ஜூலையில தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டினப்ப நாடே அதைப் பத்திப் பேசுச்சு. விலை விழுந்தா மட்டும் எங்களுக்கு அறிவுரைதான் வரும். "வீட்டுலயே சாஸ், தொக்குன்னு செஞ்சு வைங்க, மதிப்புக் கூட்டுங்க"ம்பாங்க. சொல்றவங்க அடுப்படியில நின்னு பார்த்திருந்தா அவ்வளவு லேசாச் சொல்ல மாட்டாங்க.

எங்க பாலக்கோடு பக்கம் ஒரு தடவை பறிப்புக் கூலிக்குக்கூட விலை கட்டல. 20 கிலோ பழத்தை வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். நானும் வீட்டுக்காரம்மாவும் நாள் பூரா கிண்டினோம். தண்ணியாவே இருக்குன்னு நான்தான் அவசரப்பட்டுச் சோள மாவைக் கரைச்சு ஊத்தச் சொன்னேன். பார்க்கக் கெட்டியாத்தான் இருந்துச்சு. பத்து நாள்ல பாதிப் பாட்டில் பூஞ்சணம் பிடிச்சுக் குப்பைக்குழிக்குப் போச்சு. பழம், எண்ணெய், விறகு எல்லாம் தண்டம்.

மாவு தண்ணியை வத்த வைக்காது, பிடிச்சு வச்சுக்கும், அவ்வளவுதான். தண்ணி உள்ள இருக்கிற வரைக்கும் தொக்கு கெட்டுத்தான் போகும். அகலமான, அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்துல, மூடாம, கொஞ்சம் கொஞ்சமா வத்த விடணும். எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல நிக்கிற வரைக்கும் பொறுமை வேணும். நாட்டுத் தக்காளியில சாறும் புளிப்பும் அதிகம், அதனால நேரம் கூடுதலாப் பிடிக்கும். ஹைபிரிட் பழத்துல சதை அதிகம், சீக்கிரம் சுண்டிடும். அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

உப்பை முதல்லயே முழுசாப் போட்டுடாதீங்க. தொக்கு வத்த வத்தக் கரிப்பு ஏறிடும். ஏறிட்டா உருளைக்கிழங்கைப் போட்டா உறிஞ்சிடும்னு சொல்றது சும்மா. உப்பு போடாம வதக்கின தக்காளியை இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கிண்டுறதுதான் வழி. புளிப்பு தூக்கலா இருந்தா துளி வெல்லம் போதும். சோடா உப்பு போடாதீங்க, தொக்கைக் கெடாமக் காக்குறதே அந்தப் புளிப்புதான்.

அடி பிடிச்சுட்டா சுரண்டாதீங்க. மேலாக இருக்கிறதை மட்டும் வேற பாத்திரத்துக்கு மாத்துங்க. கருகினதைக் கலந்துட்டா மொத்தமும் கசந்துடும், திருத்தவே முடியாது.

பாட்டிலைக் கழுவி வெயில்ல நல்லாக் காய வைங்க. ஈரக் கரண்டி உள்ள போகக் கூடாது. பூஞ்சணம் வந்துட்டா மேலாக எடுத்துட்டு மிச்சத்தைச் சாப்பிடுறதும் வேண்டாம், வயித்துக்கு ஆகாது. எங்க வீட்டுல அதை எடுத்து வச்சுக்கப் பார்த்தாங்க, நான் விடல.

நான் சொல்றது ஒண்ணுதான். மதிப்புக் கூட்டச் சொல்ற அதிகாரிங்க, பயிற்சி கொடுக்கிறவங்க எல்லாம் லேபிள் ஒட்டுறதைப் பத்தி அரை நாள் பேசுறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு அடுப்பை மூட்டி, தொக்கு கெட்டா என்ன செய்யணும்னு காட்டுங்க. குழுவுல இருக்கிற பொம்பளைங்க கடன் வாங்கித்தான் பாட்டில் வாங்குறாங்க. அவங்க தொக்கு கெட்டா வட்டி நிக்காது.

இப்ப நாங்க ஒரு நேரத்துக்கு 5 கிலோ மட்டும்தான் போடுறோம். போன வாரம் போட்டதுல ரெண்டு பாட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கு. இன்னும் வேணும்னு சொல்லி விட்டிருக்கா.