குழந்தைகளோடு தஞ்சைக்கு

விடுமுறை வந்தவுடன் குடும்பத்தோடு எங்கேயாவது போய்வர வேண்டும் என்ற ஆசை எல்லார் வீட்டிலும் உண்டாகிறது. நல்ல ஆசைதான். ஆனால் நம்மவர்கள் ஊர் பார்க்கும் முறை இருக்கிறதே, அது சற்று விநோதமானது. ஒரே நாளில் தஞ்சை, திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம் நான்கையும் "முடித்துவிட" வேண்டும் என்று புறப்படுகிறார்கள். வண்டியிலிருந்து இறங்குவதும், ஓடுவதும், கைப்பேசியில் படம் பிடிப்பதும், மறுபடி வண்டியில் ஏறுவதுமாகப் பொழுது கழிகிறது. வீடு திரும்பிய குழந்தையை என்ன பார்த்தாய் என்று கேட்டால், மத்தியானம் சாப்பிட்ட ஐஸ்கிரீமைப் பற்றித்தான் சொல்லும். குழந்தையின் மேல் குற்றமில்லை. அது ஒன்றைத்தான் அவசரமில்லாமல் அனுபவிக்க விட்டோம்!

தஞ்சைக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள் என்று நாம் சிபாரிசு செய்கிறோம். முதல் நாள் முழுவதும் பெரிய கோயிலுக்கே சேரட்டும். கருங்கல் தரை காலைச் சுடுவதற்கு முன் ஒரு முறையும், வெயில் தாழ்ந்த பின் ஒரு முறையும் போக வேண்டும்.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது ஒருவர் குழந்தைகளிடம் கட்டாயம் சொல்வார். மறுத்துப் பேச வேண்டாம். "நீயே பார்த்துச் சொல்" என்று குழந்தைகளை அனுப்புங்கள். காலையிலும் மாலையிலும் 216 அடி விமானத்தின் நிழல் பிராகாரத்தில் நீண்டு கிடப்பதை அவர்களே கண்டுபிடித்து வந்து சொல்வார்கள். சித்திரை மாதத் தொடக்கத்தில் உச்சிவேளைச் சூரியன் தஞ்சைக்கு நேர் மேலே நிற்பதையும், அப்போது அகன்ற அடித்தளத்துக்குள்ளேயே நிழல் அடங்கிவிடுவதையும் பிறகு விளக்கலாம். பொய்யான அதிசயம் ஒன்று போய், மெய்யான பூகோள பாடம் ஒன்று அந்த இடத்தில் வந்து உட்காரும்.

அடுத்தபடியாகச் சுவர்களில் உள்ள எழுத்துக்களைக் காட்டுங்கள். இக்கோயிலை ராஜராஜ சோழன் கட்டி 1010-ஆம் ஆண்டில் பூர்த்தி செய்தான் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் நம் முப்பாட்டனார் காலத்தில் இது பண்டிதர்களுக்கே தெரியாது. கரிகாலன் தன் நோய் தீர்வதற்காகக் கட்டினான் என்று தலபுராணம் சொல்லிற்று; ஊராரும் அதை நம்பினார்கள். ராஜராஜனுடைய பெயரோ அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில், தமிழிலேயே வெட்டப்பட்டிருந்தது! 1886-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தின் சாசன ஆராய்ச்சியாளராக அமர்ந்த ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் அதைப் படித்து உலகத்துக்குச் சொன்னார். பல தலைமுறைகளாக நாம் அந்தச் சுவரை வலம் வந்தோம், கன்னத்தில் போட்டுக்கொண்டோம், படிக்க மட்டும் இல்லை. நம் குழந்தைகளும் அப்படியே வலம் வந்துவிட்டுப் போக வேண்டுமா என்பதுதான் நம்முடைய கேள்வி.

கல்வெட்டில் அரசனைப் பற்றிய செய்திகள் மட்டுமே இருப்பதாக எண்ண வேண்டாம். நானூறு ஆடல் மகளிரின் பெயர்கள், அவர்களுடைய சொந்த ஊர், குடியிருந்த தெரு, ஆண்டுக்கு ஆளுக்கு நூறு கலம் நெல் எல்லாம் அதில் உண்டு. தச்சர், தையற்காரர், நாவிதர், வண்ணார், கணக்கர் ஆகியோருக்கும் அதில் இடம் உண்டு. கணக்கில் பிரியமுள்ள பிள்ளைக்கு ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஒரு விளக்கு எரிய நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் விட்டார்கள். அப்படியானால் ஓர் எருமைக்கு எத்தனை ஆடு சமம்? ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கணக்கைப் பிராகாரத்தில் உட்கார்ந்து போட்ட பிள்ளை அதைப் பிறகு மறக்காது.

வாயிலைத் தாண்டும்போது சொல்ல வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. இந்த வாயிலுக்குள் எல்லாருமே நுழைந்துவிட முடியாத காலம் ஒன்று இருந்தது. 1939-ஆம் ஆண்டில், மதுரை மீனாட்சியம்மன் ஆலயப் பிரவேசத்தை அடுத்து, இக்கோயிலும் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கோயில் எழும்பி ஏறக்குறைய 930 ஆண்டுகளுக்குப் பிறகு! கோபுரத்தின் உயரத்தைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாம், இதையும் சொல்லி வெட்கப்படக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் நம் சரித்திரம்.

இரண்டாம் நாள் அரண்மனையையும் சரசுவதி மகாலையும் பார்க்கலாம். 1798 முதல் 1832 வரை பட்டத்திலிருந்த இரண்டாம் சரபோஜி மன்னருக்கு அதிகாரம் எல்லாம் ஆங்கிலேயர் கையில் போய்விட்டது. மிஞ்சிய பொழுதையும் பொருளையும் அவர் வித்தைக்குச் செலவிட்டார். ஏடுகள் சேர்த்தார், அச்சுக்கூடம் வைத்தார். உலக பூகோளத்தைப் பாடமாகச் சொன்னால் யார் கேட்பார்கள் என்று எண்ணினாரோ என்னவோ, தேவேந்திர குறவஞ்சி என்று மராத்தியில் ஒரு நாடகமே எழுதி, குறத்தியின் வாயால் கண்டங்களையும் தேசங்களையும் சொல்ல வைத்தார். விளையாட்டோடு கல்வி என்று இப்போது புதிதாகப் பேசுகிறவர்கள் தஞ்சை மன்னருக்கு ஒரு கும்பிடு போடலாம். அரண்மனையிலேயே உள்ள கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. அவற்றுள் பத்துப் பார்த்தால் போதும்; நூறு பார்த்தால் ஒன்றும் நிற்காது. மாலையில் வீணை செய்கிறவர்களின் பட்டறை ஒன்றுக்குப் போய், பலாமரம் வீணையாகும் விதத்தைப் பாருங்கள். கடைத்தெருவில் ஒரு தலையாட்டி பொம்மை வாங்கிக் கொடுத்து, தள்ளினாலும் ஏன் நிமிர்ந்துவிடுகிறது என்று கேளுங்கள்.

மூன்றாம் நாள் கல்லணை. பெரிய கோயிலுக்குக் கல் வேண்டியிருந்தது போலவே, அதைக் கட்டியவர்களுக்குச் சோறும் வேண்டியிருந்தது. அந்தச் சோறு எங்கிருந்து வந்தது என்று அறிய இங்கே வர வேண்டும். கரிகாலன் பெயரால் வழங்கும் இந்த அணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், 1934-ல் வெட்டி முடித்த கல்லணைக் கால்வாய் என்று தண்ணீர் பிரிவதைக் குழந்தைகள் கண்ணால் காண்பார்கள். ஆழம் காணாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இப்பகுதியின் பழைய கட்டுமானங்களிலிருந்து தாம் கற்றுக்கொண்டதாக ஆர்தர் காட்டன் என்ற ஆங்கில இன்ஜினீயரே ஒப்புக்கொண்டிருக்கிறார். திரும்பும் வழியில் வயலோரம் வண்டியை நிறுத்தி, நாற்று எது, கதிர் எது என்று காட்டுங்கள். சோறு தெரியும், நெற்பயிர் தெரியாது என்ற நிலையில் பட்டணத்துப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். நடவு நடும் பெண்கள் அருகில் இருந்தால், ஒரு நாளில் எத்தனை நேரம் குனிந்து நிற்கிறீர்கள் என்று பிள்ளைகளே மரியாதையாகக் கேட்கட்டும்.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகிகள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து சென்றது இந்தத் தஞ்சை ஜில்லாவின் வழியாகத்தான். அவர்களுக்கு உணவோ இடமோ கொடுக்கலாகாது என்று கலெக்டர் தார்ன் தடை விதித்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். யார் கொடுத்தது என்று எந்த போலீஸ்காரர் கண்டுபிடிப்பது? இந்தக் கதையை வீட்டில் சொல்வதைவிட, அதே சாலையில், ஒரு புளியமர நிழலில், கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்க்கும்போது சொன்னால் பிள்ளைகள் மனத்தில் ஆழமாகப் பதியும்.

இதற்கெல்லாம் அதிகப் பணம் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், பென்சிலும், நடக்கக் கால்களும், பெரியவர்களிடம் கொஞ்சம் பொறுமையும் போதும். முக்கியமாக, "அது ஏன் அப்பா?" என்று குழந்தை கேட்கும்போது, "சும்மா வா, நேரமாகிறது!" என்று கையைப் பிடித்து இழுக்காதிருக்க வேண்டும். சுவரில் எழுதியிருந்ததைப் படிக்காமல் வெகு காலம் கழித்த சமூகம் நாம். இனியும் என்ன அவசரம்?